பாசி தின்னும் என்று விற்ற மீன்

கழனிவாசல் பக்கம் மீன் கடையில்
நாற்பது ரூபாய் சொன்னார் ஷேக் முகைதீன்.
கட்டைவிரல் நீளம். கறுப்பு. வாய் மட்டும் அடியில்.
"டேங்க் கிளீனர்க்கா. சோறே போட வேணாம்.
கண்ணாடியில இருக்கிற பச்சையெல்லாம் அதுக்குத்தான்."

சம்பளமில்லாத வேலையாள் என்றதும்
எனக்கு எங்கள் ஆஸ்பத்திரி நினைவு வந்தது.
இருந்தும் வாங்கினேன்.

செக்காலையில் மாடி வீடு.
இரண்டடித் தொட்டி, கிழக்கு ஜன்னல்.
ஏழு மணி வெயில் நேரே தண்ணீரில் விழும்.
பாசிக்கு அதுதான் காரணமென்று
பிறகுதான் தெரிந்தது.
தொட்டியை நகர்த்த இன்னொரு ஆள் வேண்டும்.
மீன் வாங்குவது சுலபம்.

முதல் இரண்டு மாதம்
கழுவிக் கவிழ்த்த தம்ளர்போல் கண்ணாடி.
அது தின்று நான் பார்த்ததில்லை.
இரவெல்லாம் எனக்கு வார்டு.
விடிந்து வந்தால் அது கல்லுக்கடியில்.
ஒரே வீட்டில் இரண்டு நைட் டூட்டி.
வாய் போன வழி மட்டும் தெரியும்,
மை தீர்ந்த பேனாவை
யாரோ கிறுக்கிப் பார்த்ததுபோல.

பிறகு வளர்ந்தது.
விரல், உள்ளங்கை, அதற்கும் மேல்.
வெள்ளரிப் பிஞ்சைக் கரண்டியில் கட்டி இறக்கினால்
காலையில் தோல் மட்டும் மிதக்கும்.
பாசியைத் திரும்பியும் பார்க்காது.
தின்பதைவிடப் போடுவது அதிகம்,
தண்ணீரெங்கும் கறுப்பு நூல் நூலாக.

"மரத்துண்டு போடுங்க, கொறிக்கும், செரிச்சிரும்."
முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடையில் கேட்டேன்.
"மீனுக்கா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு
பர்மாத் தேக்கில் ஒரு துண்டு நீட்டினார்.
ஐந்நூறு ரூபாய்.
தேக்கு எண்ணெய் கக்குமென்று பயந்து
வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

லீவு நாள் ஒன்றில்
தூக்கம் பழகாத இரவு. டார்ச் அடித்துப் பார்த்தேன்.
தங்கமீனின் விலாவில் ஒட்டியிருந்தது.
அது நீந்த நீந்த இதுவும் கூடவே போனது.
செதில்மேல் வழவழப்பைத் தின்றுகொண்டிருந்தது.
கத்தினேன்.
மீனுக்குக் காது கேட்குமா, தெரியாது.
விட்டது.
பிளாஸ்திரி பிய்த்த இடம்போலச் சிவப்பு.

"ஊருணியில விட்டுருங்க சிஸ்டர், புண்ணியம்"
என்றார் கீழ்வீட்டு ஆடிட்டர் சோலையப்பன்.

டூட்டிக்குப் போகிற வழி.
ஸ்கூட்டியில் இரண்டு காலுக்கு நடுவே வாளி,
வாளிமேல் சாப்பாட்டுத் தட்டு,
தட்டுமேல் ஒரு கை.
ஊருணியின் மூன்றாவது படியில்
ஏழெட்டு காய்ந்து கிடந்தன.
தேங்காய்ச் சிரட்டை என்றுதான் நினைத்தேன்.
வலை உதறிக்கொண்டிருந்தவர் சொன்னார்:
"கெண்டை ஒண்ணு வந்தா இது பத்து வருது.
வலையையும் கிழிக்குது.
எவன் கொண்டாந்து விட்டானோ."

வாளியைக் காலுக்குப் பின்னால் தள்ளினேன்.
தட்டு லேசாக ஆடியது.
"என்னம்மா அது?"
"ஆஸ்பத்திரித் தண்ணி."

அன்றிரவு வார்டில், மருந்து அலமாரிக்குக் கீழே,
வாளிக்குள் அதுவும் விழித்திருந்தது.

இப்போது மொட்டைமாடியில்
வாட்டர் டேங்க் நிழலில் சிமெண்டுத் தொட்டி,
மேலே பச்சை வலை.
மாதம் நூற்றைம்பது ரூபாய்க்கு வெள்ளரிக்காய்.
முகைதீன் போன் செய்கிறார்:
நத்தை வந்திருக்கிறதாம்,
விரலுக்கு மேல் வளராத குட்டி மீனும் இருக்கிறதாம்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்று இருக்கிறது.
வெயில் விழுகிற நேரம், யூனிஃபார்ம்கூட மாற்றாமல்,
மேலிருந்து கீழாகச் சுரண்டுகிறேன்.
கார்டின் ஓரமெல்லாம் பச்சை.
தங்கமீன் கார்டின் பின்னாலேயே வருகிறது.
ஆறிய இடத்தில் இன்னும் மினுமினுப்பு வரவில்லை.
அடிமூலை ஒன்று கைக்கு எட்டவில்லை.
அங்கே மட்டும் பாசி
நன்றாக வளர்கிறது.